மாமியார் வீட்டு வம்சாவளி

என் கணவர் குடும்பம் யார்க்‌ஷயர்க்காரர்கள். அவர்களுடைய முன்னோரைத் தேட இறங்கியது என்னவோ மருமகளான நான்தான்.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசுப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் என்றால் சர்ச் பதிவேடுதான் கதி. 1538-லேயே அதற்கு ஆணை வந்தாலும் எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது மிஞ்சவில்லை. அதில் இருப்பது ஞானஸ்நானத் தேதி; அதைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம் என்பதால் அப்பாவின் தொழிலும் கிடைக்கும். 1752-க்கு முன் அங்கே புது வருஷம் மார்ச் 25-ல் பிறந்தது. ஆக, 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1721. பக்கம் கிழிந்திருந்தால் பிஷப்புக்கு அனுப்பிய நகலைத் தேடுங்கள்.

சரி, ஓர் ஆள் சென்சஸில் திடீரென்று காணாமல் போனால்? மனநலக் காப்பகத்தையும் பாருங்கள். அங்கே சென்சஸ் எடுத்தபோது பல இடங்களில் முதலெழுத்தை மட்டுமே எழுதினார்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.எச். 94 என்ற வரிசை எண்ணில் மனநல நோயாளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் 1846-லிருந்து இருக்கின்றன: பெயர், எந்த மனநலக் காப்பகம், சேர்த்த தேதி, வெளியேறியதா இறந்ததா. அப்புறம் அந்த மாவட்ட ஆவணகத்தில் நோயாளிக் குறிப்பேடு கேளுங்கள். யார்க்‌ஷயரில் உள்ள வேக்ஃபீல்டு மனநலக் காப்பகம் 1818-ல் திறந்தது. எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, நூல் மில் தொழிலாளி. நோய்க்குக் காரணம் என்ற இடத்தில் 'பிரசவம்' என்று ஒற்றைச் சொல். நூறு வருஷத்துக்குள் உள்ள குறிப்பேடுகளைப் பொதுவாகக் காட்ட மாட்டார்கள். உறவுமுறைச் சான்றோடு எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.