ஊருக்குக் கொண்டு போகும் டிவிடி அங்கே ஓட வேண்டுமென்றால்

கலியாண வீடியோவை டிவிடியில் பதிந்து கொண்டு போவீர்கள். உங்கள் மடிக்கணினியில் நன்றாக ஓடியிருக்கும். ஊரில் பிளேயருக்குள் போட்டால் தட்டு உள்ளே போகும், லென்ஸ் இரண்டு மூன்று தரம் ‘டிக் டிக்’ என்று தேடும், பிறகு திரையில் ‘நோ டிஸ்க்’. பிளேயர் பழுதென்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அநேகமாகப் பதிந்த விதத்தில்தான் பிழை.

போனில் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே இழுத்து வட்டில் போட்டால் அது தரவு வட்டுத்தான், வீடியோ டிவிடி ஆகாது. பழைய பிளேயருக்குத் தெரிந்தது எம்பெக்-2 என்ற வீடியோ வடிவம். அதுவும் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள், ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்ற மூன்று வகைக் கோப்புகளாக இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டிவிடி ஸ்டைலர் மென்பொருள் இதைச் செய்துதரும். ‘டிவ்எக்ஸ்’ முத்திரை உள்ள பிளேயர்கள் ஏவிஐ கோப்பையும் வாசிக்கும்; ஆனால் போன் எடுக்கும் எச்.264 வடிவ வீடியோ அவற்றிலும் பெரும்பாலும் ஓடாது.

மென்பொருள் முதலில் கேட்பது பாலா (PAL), என்டிஎஸ்சியா (NTSC) என்று. இவை நாட்டுக்கு நாடு மாறும் இரண்டு தொலைக்காட்சி முறைகள். இலங்கையும் இந்தியாவும் பால்: 720×576 புள்ளி, செக்கனுக்கு 25 படம். கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி: 720×480, 29.97 படம். ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாவிலோ 25 படத்தில் எடுத்ததென்றால் யோசிக்காமல் பாலைத் தெரிவு செய்யுங்கள். 30 படத்தில் எடுத்ததை 25க்கு மாற்றினால் நடப்பவர்கள் விட்டு விட்டு நகர்வதுபோல் தெரியும். ஆகவே அதை என்டிஎஸ்சியாகவே விடுவது எங்கள் பரிந்துரை. பால் நாட்டுப் பிளேயர்களில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி வட்டையும் வாசிக்கும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ, ரிமோட்டில் பால்/என்டிஎஸ்சி என்றோ என்/பி என்றோ ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். எதிர்த்திசையில்தான் வில்லங்கம்: ஊரில் பதிந்த பால் வட்டை வட அமெரிக்கப் பிளேயர்கள் பல ஏற்காது. வட்டை விற்ற வலயத்துப் பிளேயரில் மட்டும் ஓடவிடும் வலயக் குறியீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கடை வட்டுகளுக்குத்தான் அந்தப் பூட்டு, வீட்டில் பதிந்ததற்கு இல்லை.

அடுத்தது அளவு. 4.7 ஜிபி என்று உறையில் இருந்தாலும் விண்டோஸ் அதை 4.38 என்றே காட்டும், பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு வீடியோவை செக்கனுக்கு 4,500 கிலோபிட்டிலும், ஒலியை ஏசி3 என்ற வடிவத்தில் 48 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோபிட்டிலும் வையுங்கள், உறையின் 4.7 கணக்கில் ஏறத்தாழ 4.3 ஜிபி வரும், விளிம்பில் கொஞ்சம் இடம் மிஞ்சும். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, வெளி விளிம்பில்தான் பிழை கூடும். விளிம்பு வரை நிரப்பிய வட்டு கடைசிப் பகுதியில் சிக்கி நிற்பது அதனால்தான். ஒரு மணி நேரத்துக்கு இடம் மிஞ்சுகிறதென்று 9,000 கிலோபிட் வைக்காதீர்கள். டிவிடியின் உச்சம் 9,800 என்றாலும், பதிந்த வட்டைப் பழைய பிளேயர் அந்த வேகத்தில் தொடர்ந்து வாசிக்கத் திணறும், 7,000 போதும். மூன்று மணி நேரமென்றால் இரண்டு வட்டாகப் பிரியுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டைத் தவிருங்கள். அடுக்கு மாறும் இடத்தில் நின்றுவிடும் பிளேயர்கள் உண்டு.

வெற்று வட்டு வாங்கும்போது ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர் எடுங்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வட்டு, ஒருமுறை எழுதும் வட்டின் பாதியளவு ஒளியைக்கூடத் திருப்பி அனுப்பாது. தேய்ந்த லென்ஸ் அதைக் காணவே காணாது.

வட்டில் பதிவதற்கு இம்ஜ்பேர்ன் என்ற மென்பொருள் போதும். வேகம் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ். பதிந்ததைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ குறியை எடுத்துவிடாதீர்கள், பத்து நிமிடம் கூடப் போனால் போகட்டும். விண்டோஸிலேயே பதிகிறீர்கள் என்றால் அது ‘யூஎஸ்பி போலவா, சிடி/டிவிடி பிளேயருடனா’ என்று கேட்கும். இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். முதலாவது, பிளேயருக்குப் புரியாத வடிவம். ஆனால் இரண்டாவதும் வட்டை மற்றக் கருவிகள் வாசிக்கும்படி முடித்துத்தான் தரும், எம்பி4ஐ டிவிடியாக மாற்றித் தராது. கேம்கோடரில் நேரே பதிந்த சிறு வட்டென்றால் அதே கேம்கோடரில் ‘ஃபைனலைஸ்’ செய்த, அதாவது வட்டை அப்படி முடித்த, பிறகே புறப்படுங்கள்.

மேலே காகித லேபிள் ஒட்ட வேண்டாம். சுழலும்போது சமநிலை கெட்டு அதிரும், வெக்கையில் ஓரம் கிளம்பும். நுனி மெத்தென்ற மார்க்கர் பேனாவால் நடுவளையத்தில் எழுதுங்கள். போல்பொயின்ட் பேனா கீறிவிடும். பெட்டியில் வைத்து, வெயில் படாமல் கொண்டு போங்கள்.

கூடவே அதே வீடியோவின் எம்பி4ஐ, எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவிலும் போடுங்கள். ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேற்பட்டால் அதில் ஏறாது, வெட்டிப் போடுங்கள். தொலைக்காட்சியில் யூஎஸ்பி துளை இருந்தால் பல நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும். பிளேயரையே கொண்டு போக நினைப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்: 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் 230 வோல்ட்டில் செருகியதும் கருகும். 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும்.