வலை இழுத்த உடம்புக்கும் சுகர் வரும்: தசையை மறுபடி வேலைக்குக் கூப்பிடுவது எப்படி?

"முப்பது வருசம் கரைவலை இழுத்த ஒடம்புடா இது. எனக்குப் போயி சுகரா?"

ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அப்பா கேட்டது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் பல திண்ணைகளில் இதே கேள்வி உண்டு. பதில் கொஞ்சம் கசக்கும்: பழைய உழைப்பைத் தசை சேர்த்து வைப்பதில்லை. அப்பா கயிற்றைத் தொட்டு எட்டு வருசம் ஆகியிருந்தது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்று ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸைச் செல்லுக்குள் விடுவது அதுதான். வேலை இல்லாத நேரத்தில், கரையேற்றிப் போட்ட வள்ளம் மாதிரி உள்ளேயே கிடக்கும். சாப்பிட்டதும் இன்சுலின் வந்து குரல் கொடுத்தால் செல்லின் விளிம்புக்கு வரும். அசைவு குறைந்து, தசைக்குள் கொழுப்பும் சேர்ந்துவிட்டால் அந்தக் குரல் பாதி வழியிலேயே அமுங்கிப்போகும். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சில வருசம் சமாளிக்கும், பிறகு ஓயும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இன்சுலினை ஏற்றி அளந்து பார்த்த ஆய்வுகளில், உடம்பு வாங்கிய குளுக்கோஸில் ஏறத்தாழ 80 சதவீதம் எலும்புத்தசைக்கே போனது. அங்கே அடைத்தால் ரத்தத்தில்தான் தேங்கும்.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலின் கூப்பிடாமலே வள்ளம் இறங்கும். எதிர்ப்பு உள்ளவர்களுக்கும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒன்றை நம்பித்தான்.

படி 1: மருந்தைச் சொல்லிக் கேளுங்கள். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, உடற்பயிற்சியில் சுகர் ரொம்ப இறங்கிவிடலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சுவலி, கண் விழித்திரைக் கோளாறு இருந்தால் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். மடியில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால், அல்லது சுகர் பார்க்கும் மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், உடனே வாயில் போட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். (கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று நம்புகிறவர்களுக்கு: ஏற்றும். மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு என்னிடம் வாதாட வராதீர்கள்.)

படி 2: செருப்பு. கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பது சுகம்தான். ஆனால் சுகரில் பாதம் மரத்துவிட்டால் கருவ முள் ஏறியது தெரியாது, சிப்பி கீறியது தெரியாது, உச்சிவெயில் மணல் சுட்டதும் தெரியாது. திரும்பி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட.

படி 3: ராச்சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் 15 நிமிட நடை. பேசலாம், பாட முடியாது, அந்த வேகம் போதும். குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தொடைத்தசை வேலை செய்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். நம்பிக்கை வரவில்லையா? ஒரு நாள் நான்கு இட்லி சாப்பிட்டு உட்கார்ந்திருங்கள், மறுநாள் அதே நான்கு இட்லி சாப்பிட்டு நடங்கள். இரண்டு நாளும் இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டும், அதனால் இதை மூன்று நான்கு தடவை செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

படி 4: இழுங்கள். நடையோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. தசை பெருத்தால் குளுக்கோஸை வைக்க இடமும் பெருகும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஒரு காலை முன்னே வைத்து, முதுகை நிமிர்த்தி, முழங்கை விலாவை உரசிக்கொண்டு பின்னால் போகும்படி இழுங்கள். ஒன்று, இரண்டு என எண்ணி மெதுவாக விடுங்கள். விடும்போதும் தசை வேலை செய்கிறது, படாரென்று விடாதீர்கள். மூச்சை அடக்கவும் கூடாது. அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, டியூப் கைக்கு வந்ததும் கால் தானாக மணலில் ஊன்றுவது போல ஊன்றிக்கொண்டது. பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. பிறகு நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். இதெல்லாம் வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

படி 5: தொடர்ந்து இரண்டு நாள் சும்மா விடாதீர்கள். ஒரு தடவை செய்த பயிற்சியால் தசைக்கு இன்சுலின் குரல் நன்றாகக் கேட்பது ஒரு நாள், மிஞ்சினால் மூன்று நாள். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் என்று கணக்கு வையுங்கள்.

விசைப்படகில் போகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கவனியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வலை பின்னுவதும் சீட்டாடுவதும் உட்கார்ந்து செய்யும் வேலைதான், சோற்றின் அளவு மட்டும் கடலுக்குப் போன நாள் மாதிரியே இருக்கும். படகைக் கரையில் கட்டும் அன்றைக்கே டியூபையும் ஜன்னலில் கட்டிவிடுங்கள்.