மணிக்கு எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி

ஜேசிபி வாடகைக்குப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது "மணிக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்றுதான். நாலு பேருக்கு போன் போட்டு, நூறு ரூபாய் குறைத்துச் சொன்னவரைப் பிடித்துவிட்டால் லாபம் என்று நினைப்பு. ஆனால் வண்டி உறுமிக்கொண்டு சும்மா நிற்கிற நேரத்தில்தான் பில் ஏறுகிறது. அதற்கு முன்னால் அந்த நூறு ரூபாய் எந்த மூலைக்கு?

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்காமல் விடுவதுதான் பெரிய தவறு. வேலையிடத்தில் பக்கெட்டை இறக்கியதிலிருந்தா, ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்பி வந்து சேரும் வரையிலா? ஜேசிபி ரோட்டில் மணிக்கு 40 கிலோமீட்டர் போனாலே பெரிது. நாங்குநேரியில் வேலையை வைத்துக்கொண்டு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலிருந்து வண்டி வரச்சொன்னால், போகவர இரண்டு மணி நேரம் ரோட்டிலேயே கரையும். நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ விசாரியுங்கள். ரேட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கட்டும். குறைந்தபட்சம் எத்தனை மணி நேரத்துக்குக் காசு, டீசல் யார் போடுவது, ஆபரேட்டர் பேட்டா தனியா, வண்டி ரிப்பேரானால் அந்த நேரம் யார் கணக்கு, இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டால் சாயங்காலம் சண்டை இருக்காது.

எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பார்க்கத் தெரியாமல் ஏமாறுவதும் உண்டு. காலையில் 4512.3 என்று இருந்தது, முடிக்கும்போது 4515.8. வித்தியாசம் 3.5. இது மூன்றரை மணி நேரம்; மூன்று மணி ஐம்பது நிமிடம் இல்லை. கடைசி இலக்கம் ஒன்று ஏறினால் ஆறு நிமிடம் என்று அர்த்தம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடினால் மீட்டரும் ஓடும் என்பதால், டீக்குப் போகும்போது வண்டியை ஆஃப் பண்ணச் சொல்ல வேண்டும். நல்ல ஆபரேட்டர் சொல்லாமலே ஆஃப் பண்ணுவார். அப்படி ஒருவர் அமைந்தால் அடுத்த வேலைக்கும் அவரையே கேட்டு வாங்குங்கள்.

காசு அதிகமாகக் கரைவது டிப்பர் விஷயத்தில். பள்ளமான மனையை உயர்த்துகிறீர்கள் என்று வையுங்கள். 30க்கு 40 அடி, நாலடி உயரம்: 4,800 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், அதாவது 48 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 16 லோடு என்று கணக்குப் போட்டால் தப்பு. வெட்டி எடுத்த மண் உப்பலாக இருக்கும். கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டினால் அமுங்கிவிடும். 20 லோடுக்கு மேலேயே பிடிக்கும். ஒரு டிப்பரை நிரப்ப ஜேசிபிக்குப் பத்து நிமிடம், டிப்பர் போய்க் கொட்டித் திரும்ப முப்பது நிமிடம் என்றால், நாலு டிப்பர் இருந்தால்தான் ஜேசிபி நிற்காமல் வேலை பார்க்கும். டிப்பர் வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்றை மட்டும் ஓட்டினால், மணிக்கு முக்கால்வாசி நேரம் ஜேசிபி வேடிக்கை பார்க்கும். அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

மண்ணைப் பார்க்காமல் வண்டி பேசுவது அடுத்தது. நம் சீமையில் பத்து மைல் தள்ளினால் மண் மாறும். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புப் பாறை தட்டும். அங்கே வெறும் பக்கெட்டோடு வந்தால் பல் தேய்வதுதான் மிச்சம், பாறையை உடைக்கும் பிரேக்கர் வேண்டும். கயத்தாறு கரிசலில் ஒரு மழை பெய்துவிட்டால் டயர் வண்டி இறங்கவே கூடாது. மாட்டிக்கொண்டால் இழுக்க இன்னொரு வண்டி, அதற்கும் வாடகை. ஐப்பசி, கார்த்திகையில் கரிசலில் வேலை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. முதலில் ஆளை விட்டு இரண்டு இடத்தில் நாலடி குழி தோண்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வண்டி பேசுங்கள்.

வேலைக்குப் பொருந்தாத பெரிய வண்டியும் நஷ்டம்தான். செயின் போட்ட ஹிட்டாச்சி ஆழமாகத் தோண்டும், வேகமாக அள்ளும். ஆனால் ரோட்டில் ஓட்டி வர முடியாது; ட்ரெய்லரில்தான் ஏற்றி வர வேண்டும். அந்தப் போக்குவரத்துச் செலவு, நாலு நாள் வேலை இருந்தால் தாங்கும். ஒரு செப்டிக் டேங்க் குழிக்கு ஜேசிபியே போதும்.

ஆற்றுப் பாசனப் பக்கம் இன்னொரு சிக்கல், பாதை. உங்கள் வயல் தரிசாகக் கிடக்கும். வழியில் இருப்பவர் வயலில் பிசான நெல் நிற்கும். வண்டி வந்து வரப்போரத்தில் நின்ற பிறகு அவரிடம் போய்க் கெஞ்சுவதைவிட, அறுப்பு முடிந்ததும் தேதி வைப்பது சுலபம். மேலே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா, கீழே குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பதையும் முந்தின நாளே பார்த்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.

வண்டிக்கு இன்சூரன்ஸ், ஆபரேட்டருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவரில் இடித்தால் முதலில் வாசலுக்கு வருவது உங்களைத் தேடித்தான். குளத்து வண்டல் அள்ளுவதாக இருந்தால் அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகே வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் டிப்பர் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும். நின்ற நாள் வாடகையை ஓனர் உங்களிடம்தான் கேட்பார்.