நோட்டீஸில் உள்ள தேதி வீட்டை விட்டுப் போகும் தேதி அல்ல

இங்கிலாந்தில் குடும்பத்தோடு வாடகைக்குக் குடியேறியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. நாங்கள் ஏழு மாதம் சொந்தமாக ஒரு கதவு இல்லாமல் இருந்தோம். அதில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தார். அந்தத் தேதியில் காலி செய்யாவிட்டால் போலீஸ் வரும், விசாவுக்குப் பாதகமாகும் என்று நானும் கணவரும் நம்பினோம். வேறு வீடு தேடினோம். முகவர்கள் கேட்ட வருமானக் கணக்குக்குக் கணவரின் சம்பளம் எட்டவில்லை. ஜாமீன் நிற்கவும் ஆள் இல்லை. தேதி வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கணவரின் அக்கா வீட்டு முன்னறைக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனாலும் அந்த அறையில் தொலைக்காட்சி அணையும்வரை பிள்ளைகளால் படுக்க முடியாது. அத்தான் காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புமுன் பாய்களைச் சுருட்டிவிட வேண்டும். பள்ளியில் யாராவது கேட்டால் விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல் என்று மகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது அந்தப் பொய்யை நம்பாத ஒருவர்தான். மகள் வகுப்பில் தூங்கி விழுவதைக் கவனித்த பள்ளியின் குடும்பநல அலுவலர் என்னை அழைத்துப் பேசினார். நீங்கள் இப்போது வீடற்றவர்கள், இன்றே கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி அலுவலகத்துக்கு, போங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீடற்றவர்கள் என்றால் தெருவில் படுப்பவர்கள் அல்லவா என்று கேட்டேன். அப்படி அல்ல. தொடர்ந்து இருக்க உரிமை இல்லாத இடத்தில், உறவினர் வீட்டுத் தரையில் படுப்பதும் இந்த நாட்டுச் சட்டப்படி வீடற்ற நிலைதான்.

கவுன்சிலில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: ஏன் வெளியேறினீர்கள்? அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நோட்டீஸில் உள்ள தேதி, அதன்பிறகு வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதைத்தான் குறிக்கிறது. நீதிமன்ற உத்தரவு வாங்கி, அதன்பிறகும் நீங்கள் இருந்தால், உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பெய்லிஃப் வந்துதான் வெளியேற்ற முடியும். வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்றுவது குற்றம். கடைசிவரை இருந்தால் வழக்குச் செலவை உங்களிடம் கேட்கக்கூடும் என்பதும் உண்மை. அதனால் இருப்பதா போவதா என்பதை ஆலோசனை கேட்டு முடிவு செய்யுங்கள். கவுன்சிலோடு பேசாமல் நீங்களாகவே வெளியேறினால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று அவர்கள் முடிவு கட்ட இடம் உண்டு. அப்படி முடிவானால் நீண்டகால வீட்டுக்கான பொறுப்பு அவர்களுக்கு இல்லாமல் போகும்.

எங்களுக்காக இலவசச் சட்ட ஆலோசகர் ஒருவர் விளக்கக் கடிதம் எழுதினார்; அது ஏற்கப்பட்டது. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நம்பியிருக்க வேண்டாம். கவுன்சிலின் முடிவு பாதகமாக இருந்தால், எழுத்தில் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ஷெல்டர் என்ற தொண்டு நிறுவனத்திலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களிலும் ஆலோசனை இலவசம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கவுன்சிலிடம் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வாடகை பாக்கியைப் பற்றி அம்மா அழுவதை ஒன்பது வயதுக் குழந்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முறை மாறியிருக்கிறது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீஸை, 2025இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நீக்குகிறது. வீட்டை விற்பதானால் நான்கு மாத நோட்டீஸ் தர வேண்டும். 2017ஆம் ஆண்டின் வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீடு போகும் நிலை இருந்தாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்த வாரமே போய்ப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் இருந்தாலோ, வீட்டில் ஒருவர் கர்ப்பமாக இருந்தாலோ நீங்கள் முன்னுரிமைப் பிரிவில் வருகிறீர்கள். வீடு போய்விட்டால் விசாரணை முடியும்வரை தங்க இடம் தர வேண்டும்.

எங்களுக்குத் தந்தது ஒரு விடுதி அறை. நான்கு பேருக்கு இரண்டு கட்டில்கள், ஒரு கெட்டில். அறையில் சமைக்கத் தடை. மகள் சூட்கேஸை மடக்கிய கட்டில் விரிப்பின் மேல் வைத்து அதை மேசையாக்கி எழுதுவாள். தம்பி புரண்டால் எழுத்து கோணலாகும். பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பள்ளியை மாற்றச் சொன்னார்கள், நாங்கள் மாற்றவில்லை. அந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு மாறாமல் இருந்தது அது ஒன்றுதான். குடும்பங்களை இப்படிப்பட்ட விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. ஐந்தாவது வாரம் அந்த விதியை எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். சமையலறையோடு ஒரு தற்காலிக வீடு கிடைத்தது.

விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை, அதாவது பட்டியலிட்ட அரசு உதவிகளைப் பெறக் கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்கள் கவனமாக இருங்கள். கவுன்சிலின் வீட்டு உதவி அந்தப் பட்டியலில் வருகிறது. விண்ணப்பிக்கும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள். ஆனாலும் வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. குழந்தைகள் இருந்தால் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 17ஆம் பிரிவின்கீழ் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவு உதவ முடியும். அகதி நிலை இப்போதுதான் கிடைத்தவர்களுக்கு உள்துறை தந்த வீட்டில் சில வாரங்களே அவகாசம்; கடிதம் வந்த அன்றே கவுன்சிலுக்குப் போங்கள். ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டிலேயே அறை எடுத்து அவர்களோடு குடியிருப்பவர்களுக்கு நான் சொன்ன நீதிமன்றப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. நம்மவர்தானே என்று எழுத்தில் எதுவும் வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

தற்காலிக வீட்டில் இருந்தபோதே கணவர் வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டார். நான் பள்ளி உணவறையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். கவுன்சில் முற்பணத்துக்கு உதவ, தனியார் வாடகை வீடு ஒன்று அமைந்தது. லண்டனுக்கு வெளியேதான், ஆனால் ரயில் உண்டு.

இந்த முறை முற்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் இல்லை என்று பார்த்தேன். பொதுவாக அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. குடிபோன அன்றே சுவர், ஜன்னல், குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்தோம். முற்பணத்தை வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். நீலக் கோப்பு ஒன்றில் நோட்டீஸ், வாடகை ரசீதுகள், வங்கிக் கணக்கு, கவுன்சில் கடிதங்கள், யாரோடு எந்தத் தேதியில் பேசினோம் என்ற குறிப்பு எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டாம் நாள் பதிவுச் சான்று மின்னஞ்சலில் வந்தது. அதையும் அச்செடுத்து அந்தக் கோப்பில் வைத்தேன்.