மெயின்ஃப்ரேம் பேட்ச் ஜாபை சர்வீஸ் குரூப்பா பிரிக்க ஒரு சின்ன ரெக்ஸ் ரொட்டீன்

சிறுசேரி, சோழிங்கநல்லூர் பக்கம் மெயின்ஃப்ரேம் சப்போர்ட்ல புதுசா சேர்ந்திருக்கீங்கன்னா சீக்கிரமே இந்த வேலை உங்க கைக்கு வரும்: "நேத்து ஓடுன பேட்ச்ல பேரோலுக்கு எவ்ளோ சிபியூ போச்சு, பில்லிங்குக்கு எவ்ளோ போச்சு, பிரிச்சு குடுங்க". பேட்ச்னா யாரும் கூட உக்காராம தானா வரிசையா ஓடுற ஜாப்கள். எக்செல்ல ஃபில்டர் போட்டு ஒரு நாள் சமாளிக்கலாம், தினமும் முடியாது, அதனால ரெக்ஸ்ங்கற மெயின்ஃப்ரேம் ஸ்கிரிப்ட் மொழில ஒரு ரொட்டீன் (சின்ன ப்ரோகிராம்) எழுதிடலாம் வாங்க.

ஒண்ணு மொதல்ல தெளிவாகிடட்டும். சிஸ்டத்தோட வேலைப்பளுவை பங்கிடுற டபிள்யூஎல்எம், ஜாபுக்கு சர்வீஸ் கிளாஸ் குடுக்குறது ஓடும்போது யாருக்கு முன்னுரிமைனு முடிவு பண்ண. நாம பண்றது ஜாப் ஓடி முடிஞ்சப்புறம் கணக்குக்காக பிரிக்குறது, சிஸ்டத்துல எதையும் மாத்தாது, தைரியமா பழகலாம்.

படி 1: டேட்டா. ஜாப் முடியும்போது எஸ்எம்எஃப்ல (சிஸ்டம் தானா எழுதி வைக்குற பதிவு) டைப் 30, சப்டைப் 5 ரெக்கார்டு எழுதப்படும். ஜாப் பேர், கிளாஸ், யூசர் ஐடி, சிபியூ நேரம் எல்லாம் அதுல இருக்கு. உங்க டீம்ல ஏற்கனவே இருக்குற ரிப்போர்ட் டூல் வெச்சு இந்த நாலையும், கூடவே ஜாப் ஆரம்பிச்ச தேதி, நேரத்தையும் ஒரு சாதாரண ஃபைலுக்கு எடுத்துக்கோங்க. ஆரம்பிச்ச தேதி ஏன்னா, அமெரிக்க ஈஸ்டர்ன் டைம்ல ராத்திரி 8 மணிக்கு தொடங்குற நீளமான ஜாப் (நமக்கு கோடையில காலை 5.30, குளிர்காலத்துல 6.30) அங்க நள்ளிரவைத் தாண்டி ஓடலாம், முடிஞ்ச தேதியை வெச்சு கூட்டுனா அது அடுத்த நாள் கணக்குல போயிடும்.

படி 2: ரூல் டேபிள். ரூலை கோடுக்குள்ள எழுதாதீங்க, தனி மெம்பர்ல (லைப்ரரிக்குள்ள இருக்குற ஒரு ஃபைல் மாதிரி) வைங்க. ஒரு வரிக்கு ஒரு ரூல், ஜாப் பேரோட தொடக்க எழுத்துகள் (இதைத்தான் கீழ மாஸ்க்னு சொல்றேன்), அப்புறம் குரூப் பேர்:

பிஏஒய்ஒய்இ ஆண்டுமுடிவு
பிஏஒய் பேரோல்
பிஐஎல் பில்லிங்

இந்த வரிசைலதான் மொத்த விஷயமும் இருக்கு. பின்கோடு 600ல ஆரம்பிச்சா சென்னை, 600097னா துரைப்பாக்கம். சென்னையான்னு மொதல்ல கேட்டுட்டா துரைப்பாக்கம் கேள்விக்கே வராது இல்லையா, அதே மாதிரி நீளமான ரூல் எப்பவும் மேல, பொதுவான ரூல் கீழ.

படி 3: ரொட்டீன். முதல் வரி கமெண்ட்ல ரெக்ஸ்ங்கற வார்த்தை இருக்கட்டும். ஃபைலை படிக்குற எக்ஸெக்-ஐஓ கட்டளை வெச்சு ரூல் ஃபைலை ஒரு ஸ்டெம்ல (ரெக்ஸோட அர்ரே மாதிரி) படிங்க, ஸ்டெம்மோட பூஜ்யத்துல எத்தனை வரினு வந்துடும். படி 1ல எடுத்த ஜாப் ஃபைலையும் அதே மாதிரி இன்னொரு ஸ்டெம்ல படிங்க. அப்புறம் ஒவ்வொரு ஜாபுக்கும்:

குரூப் = 'பிரிக்காதது'
ஒவ்வொரு ரூல் வரிக்கும்:
  பார்ஸ் வார் (வரியை வார்த்தை வார்த்தையா பிரிக்குற கட்டளை) போட்டு மாஸ்க், குரூப் பேரை பிரி, மிச்சத்துக்கு ஒரு புள்ளி
  மாஸ்க் காலியா இருந்தா ஐட்டரேட் (அடுத்த ரூலுக்கு போ)
  அப்ரெவ் (ஜாப், மாஸ்க்) 1னா, அதாவது ஜாப் பேர் மாஸ்க்ல ஆரம்பிச்சா, குரூப்பை மாத்து, லீவ் (லூப்பை விட்டு வெளிய வா)
அந்த குரூப்போட எண்ணிக்கைல ஒண்ணும், சிபியூ கணக்குல இந்த ஜாபோட நேரமும் கூட்டு

அந்த புள்ளி முக்கியம், வரியோட 73ல இருந்து 80 வரைக்கும் உள்ள எழுத்து இடங்கள்ல ஐஎஸ்பிஎஃப் எடிட்டர் போடுற வரி நம்பரை அதுதான் தூக்கி எறியும். காலி மாஸ்க் செக்கையும் விட்டுடாதீங்க ப்ளீஸ், அப்ரெவ்வுக்கு காலி ஸ்ட்ரிங் குடுத்தா எந்த ஜாபுக்கும் 1தான் சொல்லும், ஃபைல் மேல யாரோ ஒரு வெத்து வரி விட்டிருந்தா எல்லா ஜாபும் பேர் இல்லாத குரூப்புல போய் விழும், எர்ரரும் வராது.

படி 4: ஓட்டுறது. ஜாபுக்குள்ள ரெக்ஸை ஓட்டுற ஐகேஜேஇஎஃப்டி01 ப்ரோகிராமுக்கு ஒரு ஸ்டெப், அதுல டிடி வரிகள் (எந்த ஃபைல்னு சொல்ற வரிகள்): சிஸ்எக்ஸெக்ல உங்க லைப்ரரி, சிஸ்டிஎஸ்பிஆர்டில அவுட்புட், சிஸ்டிஎஸ்ஐஎன்ல ரொட்டீன் பேர், எக்ஸெக்-ஐஓ படிக்குற ரூல் ஃபைலுக்கும் ஜாப் ஃபைலுக்கும் ஆளுக்கு ஒண்ணு. அவ்ளோதான்.

படி 5: சரிபார்க்குறது. உள்ள போன ஜாப் எண்ணிக்கையும் எல்லா குரூப்பும் சேர்ந்த எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும். அப்புறம் 'பிரிக்காதது' லிஸ்டை தினமும் திறந்து பாருங்க, புதுசா ப்ரொடக்‌ஷனுக்கு வந்த ஜாப் மொதல்ல அங்கதான் தெரியும். அதை குத்துமதிப்பா பில்லிங்ல தள்ளாதீங்க, அந்த நம்பரை வெச்சு ஒரு டிபார்ட்மெண்டுக்கு காசு கணக்கு போடுவாங்க. ஜாபோட ஓனர் யாருனு ஷெட்யூலர் டீம்ல கேட்டுட்டு ரூல் சேருங்க, சேர்த்த தேதியையும் அதே வரியில குரூப் பேருக்கு அப்புறம் எழுதி வைங்க, அதையும் அந்த புள்ளியே பாத்துக்கும்.