வெள்ளை முயலைத் துரத்துவது எப்படி: 'லாஸ்ட்' தொடருக்குள் ஆலிஸைத் தேட ஒரு செய்முறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'லாஸ்ட்' தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் மூன்றாவது சீசனின் முடிவைப் போட்டு உடைக்காமல் இதை விளக்க முடியாது. விமானம் ஒரு தீவில் விழுந்து, பிழைத்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்ளும் மர்மத் தொடர் அது. 2004 முதல் 2010 வரை ஆறு சீசன் ஓடியது. லூயிஸ் கரோலின் இரண்டு ஆலிஸ் கதைகளும் (1865இல் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்', 1871இல் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்', அதாவது கண்ணாடிக்குள் போகும் கதை) அதற்குள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்க்கப் போகிறோம்.

படி 1: புத்தகத்தை முதலில் படியுங்கள்

இரண்டும் சின்னப் புத்தகங்கள், தலா 12 அத்தியாயம். படிக்கும்போது ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பொருள்களையும் (முயல், பொந்து, கண்ணாடி) வலப்பக்கம் அந்த உலகத்தின் விதிகளையும் எழுதுங்கள். கண்ணாடி உலகத்தில் ஒரு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் எதிர்த்திசையில் நடக்க வேண்டும், கேக்கை முதலில் பரிமாறிவிட்டு அப்புறம்தான் வெட்ட வேண்டும், இந்த மாதிரி. வலப்பக்கம்தான் பின்னால் கைகொடுக்கும்.

படி 2: மேலோட்டமான தடயங்களைப் பொறுக்குங்கள்

இது சுலபம். முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடின் தலைப்பு 'ஒயிட் ராபிட்', மூன்றாவது சீசன் முடிவின் தலைப்பு 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்'. தொடரில் கடலுக்கடியில் இருக்கும் 'லுக்கிங் கிளாஸ்' என்ற நிலையத்தின் சின்னமே ஒரு முயல். நான்காவது சீசனில், பிழைத்தவர்களுக்குத் தலைமை தாங்கும் மருத்துவன் ஜாக் ஒரு குழந்தைக்கு ஆலிஸ் கதையை வாசித்தே காட்டுகிறான். இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு பெரும்பாலானவர்கள் கடையை மூடிவிடுகிறார்கள். பெயரை எடுத்துக்கொள்வது வேறு, கதையை எடுத்துக்கொள்வது வேறு, அதனால் மேலே போவோம்.

படி 3: ஒரே ஒரு காட்சியை இரண்டு தடவை பாருங்கள்

'ஒயிட் ராபிட்' எபிசோடையே எடுத்துக்கொள்ளலாம். செத்துப்போன அப்பா கோட்டு சூட்டோடு காட்டுக்குள் நடந்து போவது ஜாக்கின் கண்ணுக்குத் தெரிகிறது, பின்னாலேயே ஓடுகிறான், பாறை விளிம்பில் தொங்குகிறான், பிழைத்தவர்களில் இன்னொருவரான லாக் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு வெள்ளை முயல் பேச்சை அவரே எடுக்கிறார். முதல் தடவை எது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். இரண்டாவது தடவை எது மாறியிருக்கிறது என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆலிஸ் சும்மா உட்கார்ந்து சலித்துப்போய், ஆர்வத்தில் முயலுக்குப் பின்னால் போகிறாள். ஜாக்கைத் துரத்துவது குற்றவுணர்ச்சி: அவன் உண்மையைச் சொன்னதால்தான் அப்பாவின் மருத்துவர் வேலை போனது. முயல் ஆலிஸை அற்புத உலகத்தில் கொண்டுபோய் விட்டது; ஜாக்குக்குக் கிடைப்பது குடிதண்ணீர் உள்ள குகையும், உள்ளே உடல் இல்லாத ஒரு சவப்பெட்டியும்.

படி 4: இப்போது நோட்டின் வலப்பக்கத்தை எடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இரண்டாவது புத்தகத்தில் வெள்ளை ராணிக்கு நினைவு இரண்டு பக்கமும் வேலை செய்யும், நடக்கப்போவதும் ஞாபகம் இருக்கும். அவள் முதலில் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறாள். பிறகு விரலில் ரத்தம் என்று அலறுகிறாள். அதற்கும் பிறகுதான் ஊசி குத்துகிறது, குத்தும்போது கத்தவே இல்லை, கத்த வேண்டியதையெல்லாம்தான் ஏற்கெனவே கத்தி முடித்துவிட்டாளே!

இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவது சீசன் முடிவைப் பாருங்கள். தாடியும் மாத்திரையுமாக ஜாக் பாலத்தின் மேலிருந்து குதிக்கப் போகிறான். மூன்று சீசன்களாக இப்படி வந்த காட்சியெல்லாம் பழைய கதை என்றே பழகிவிட்டதால் இதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். கடைசியில் விமான நிலையத்துக்கு வெளியே ஒரு காரிலிருந்து, அவனோடு தீவில் மாட்டிக்கொண்ட கேட் இறங்குகிறாள். தீவில்தான் அவளை அவனுக்குத் தெரியும், அப்படியானால் நாம் பார்த்தது முழுக்க எதிர்காலம்! அலறல் முதலில் வந்துவிட்டது, ஊசி இனிமேல்தான் குத்தப்போகிறது, அந்த ஊசி வேறெதுவும் இல்லை, அவர்கள் அத்தனை நாள் காத்திருந்த மீட்புதான். தலைப்பு கடலடி நிலையத்தின் பெயரைக் குறிப்பது உண்மைதான், ஆனால் எபிசோடு கட்டப்பட்டிருக்கும் விதத்துக்கும் அதே பெயர் பொருந்துகிறது என்பது என் கட்சி.

படி 5: பொருந்தாததைக் கழியுங்கள்

கண்ணில் பட்டதெல்லாம் ஆலிஸ் ஆகிவிடாது. தீவில் ஏற்கெனவே இருந்த கூட்டத்தின் தலைவன் பென் முதலில் 'ஹென்றி கேல்' என்ற பொய்ப் பெயரோடு, பலூனில் வந்ததாகக் கதை விடுகிறானே, அது 1900இல் வந்த 'ஓஸ்' என்ற மாயாஜாலச் சிறுவர் கதையின் சரக்கு. அதற்குத் தனி நோட்டுப் போடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: அந்தக் குறிப்பைக் கதையிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். காட்சி அப்படியே நின்றால் அது வெறும் கண்சிமிட்டல், ஒரு வரியில் முடித்துவிடுங்கள். சரிந்தால் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம்.

படி 6: நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

ஆறாவது சீசனில் 'லைட்ஹவுஸ்' எபிசோடு. அதில் ஜாக்கின் மகனுடைய அறையில் ஆலிஸ் புத்தகம் இருக்கிறது. இன்னொரு பக்கம், கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியில் ஜாக் தான் வளர்ந்த வீட்டைப் பார்க்கிறான், பார்த்ததும் கண்ணாடிகளை அடித்து நொறுக்குகிறான். புத்தகம் இடப்பக்கம், அதில் சிக்கலில்லை. உடைந்த கண்ணாடியை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?