டிவியில் உங்கள் சீரியல் அடியில் போய்விட்டதா?

காரைக்குடிப் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று சொந்தபந்தம் கூடிக் கலைந்தபின் வீட்டு டிவியைப் போட்டுப் பாருங்கள். ஹோம் ஸ்கிரீன் முழுக்கப் பிள்ளைகள் பார்த்த கார்ட்டூனும் மாப்பிள்ளைமார் பார்த்த கிரிக்கெட்டும்தான். அப்பத்தா பாதியில் விட்ட சீரியல் எங்கோ அடியில் கிடக்கும். ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்?

ஆளுக்கொரு ப்ரொஃபைல் போட்டுவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் ஒரு கணக்குக்கு 5 வரை வைக்கலாம். அதில் ஒன்றை விருந்தாளிகளுக்கென்றே ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்; வந்தவர்கள் எதைப் பார்த்தாலும் உங்கள் பரிந்துரைகள் கலையாது.

யூடியூபில் ஏற்கெனவே கலைந்துவிட்டால், ஹிஸ்டரிக்குப் போய் வேண்டாத வீடியோக்களை நீக்குங்கள். அடுத்த விசேஷத்துக்கு ஆள் வருமுன் ஹிஸ்டரியைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைக்கலாம். எல்லோரும் கிளம்பியதும் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள்.

தேடுவதற்கு ரிமோட்டில் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டாம். போனில் ஜிபோர்டு கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, மைக்கை அழுத்தி யூடியூப் தேடலில் பெயரைச் சொல்லுங்கள். வந்ததை காஸ்ட் பட்டன் மூலம் டிவிக்கு அனுப்பலாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். (நம்மூர் வீட்டுச் சுவர் கனத்தில் முகப்பு ரவுட்டர் இரண்டாம் கட்டுக்கு எட்டினால் அதிர்ஷ்டம்!) பெயர் மறந்துவிட்டால் நடிகர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் தேடுகிறீர்களென்றால், ழகரம் வரும் பெயர்களுக்கு இரண்டு மூன்று ஸ்பெல்லிங் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.